பூனைமீசை வைக்கலாம், பூனைக்காலி வேண்டாம்: ஒரு தொடக்கப் பள்ளித் தோட்டத்தின் நிகழ்வு ஆய்வு

கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள ஒரு தொடக்கப் பள்ளிக்குச் செய்து கொடுத்த தோட்டத்தின் பதிவு இது. தலைமையாசிரியை வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. வைக்கும் ஒவ்வொரு செடியின் பெயரிலும் ஒரு விலங்கோ பறவையோ இருக்க வேண்டும். வகுப்பறைக்குள் வைக்கும் தொட்டிச் செடிகளுக்கும் இதே விதிதான். செடியின் பெயரைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள், உள்ளே ஒரு பூனையோ யானையோ இருந்தால் மறப்பதில்லை என்பது பல ஆண்டுகள் பாடம் நடத்தியதில் அவர் கண்டது.

இப்படி ஒரு பட்டியல் போடுவது எளிது. நர்சரிக்காரரிடம் கேட்டால் பாம்பு, சிலந்தி, வரிக்குதிரை, மயில், முதலை என்று வரிசையாக எடுத்து வைப்பார். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டால் அதைவிட நீளமான பட்டியல் வரும். சிக்கல் அதற்குப் பிறகு தொடங்குகிறது. பெயரில் விலங்கு இருப்பதால் மட்டும் ஒரு செடி ஆறு வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கத் தகுதி பெற்றுவிடாது. அந்த விலங்கு பெயருக்குள் ஏன் வந்தது என்று பார்க்க வேண்டும். சில பெயர்கள் உருவத்தைப் பார்த்து வைத்தவை. சில, அந்த விலங்கு செடியை மேய்கிறதா விலக்குகிறதா என்று பார்த்து வைத்தவை. சில பெயர்களில் விலங்கு வெறும் அளவைக் குறிக்கும். சில எச்சரிக்கை. இந்தத் தோட்டத்தில் எதை எங்கே வைப்பது என்ற முடிவு ஒவ்வொன்றும் அந்தக் காரணத்திலிருந்தே வந்தது.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். பள்ளிக்கு முன்னால் வெயில் நன்றாக விழும் மண் முற்றம். ஒரு வேம்பு, ஒரு புங்கமரம். மேற்கே சுற்றுச்சுவர் பாதியில் நிற்கிறது. அந்த இடைவெளி வழியாகத் தெருவில் மேயும் வெள்ளாடுகள் தாராளமாக உள்ளே வரும். தண்ணீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருகிறது, குடத்தில் வெள்ளை வெள்ளையாகப் படியும் உப்புத் தண்ணீர். மே மாதத்தில் 40 டிகிரி சாதாரணம். வகுப்பறைகளுக்கு முன்னால் நீளமான தாழ்வாரம், அதில் காலை வெயில் மட்டும். பணம் அதிகம் இல்லை. ஆகவே விதை, குச்சி, பக்கக்கன்று என்று கிடைக்கக்கூடியவற்றையே முதலில் தேடினோம்.

மூன்று பூனைகள்

பட்டியலில் பூனை மூன்று முறை வந்தது. பூனைமீசை, பூனைவணங்கி, பூனைக்காலி. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் தோட்டத்தின் திட்டமே தெளிவானது. அதனால் இவற்றைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.

பூனைமீசையில் பெயர் உருவத்தைப் பார்த்து வந்தது. துளசிக் குடும்பத்துச் செடி, தாவரவியலில் ஆர்த்தோசிபான் அரிஸ்டாட்டஸ். வெள்ளையாகவோ இளம் ஊதாவாகவோ அடுக்கடுக்காகப் பூக்கும். பூவிதழைத் தாண்டி மகரந்தத் தாள்கள் இரண்டு பக்கமும் நீண்டு வளைந்து நிற்கும். பார்த்த மாத்திரத்தில் எந்தக் குழந்தையும் மீசை என்று சொல்லிவிடும். இடுப்பளவு உயரம் வளரும். அரை நிழலிலும் பூக்கும், வண்ணத்துப்பூச்சிகள் விடாமல் வரும். முள் இல்லை, பால் இல்லை. தெரிந்தவர் வீட்டில் கவாத்து செய்த குச்சிகளை வாங்கி வந்து தாழ்வாரத்தை ஒட்டி நட்டோம். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடித்துவிடும். இப்படிப்பட்ட தோட்டத்துக்கு ஒரே ஒரு செடிதான் வைக்க முடியும் என்றால் நான் பூனைமீசையைச் சொல்வேன்.

பூனைவணங்கியை நட வேண்டியதே இல்லை. அது குப்பைமேனி. மழை பெய்தால் முற்றத்து ஓரத்தில் தானாக முளைக்கிறது. அதன் இன்னொரு பெயர் மார்ஜால மோகினி. இந்தப் பெயர்கள் பூனையின் நடத்தையைப் பார்த்து வைத்தவை. செடியை வேரோடு பிடுங்கிப் போட்டால் பூனை வந்து வேரை முகர்ந்து, முகத்தைத் தேய்த்து, தரையில் புரளும். ஐசோடைஹைட்ரோநெபெட்டலாக்டோன் என்ற பொருள் இதில் இருக்கிறது. மேலை நாட்டில் பூனைகளுக்காகவே வளர்க்கும் கேட்னிப் செடியில் உள்ள நெபெட்டலாக்டோனின் நெருங்கிய உறவு அது. வேதியியல் பெயர் வருவதற்கு வெகு காலம் முன்பே யாரோ ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து இதைக் கவனித்திருக்கிறார். அந்தக் கவனிப்பு ஒரு பெயராக நம் கைக்கு வந்திருக்கிறது. சத்துணவுக் கூடத்தைச் சுற்றி வரும் பூனையை வைத்தே பிள்ளைகள் இதைச் சோதித்தார்கள். அந்த வாரம் முழுக்கப் பள்ளியில் வேறு பேச்சே இல்லை.

பூனைக்காலி வேறு கதை. படரும் அவரைக் குடும்பத்துக் கொடி, கருஊதாப் பூ, பார்க்க அழகு. அதன் காய் பொன்பழுப்பு மென்மயிர் போர்த்து, வளைந்த பூனைக்கால் போலவே இருக்கும். அந்த மயிர்தான் தொல்லை. தோலில் பட்டால் தீப்பட்டது போல அரிக்கும். மயிரில் உள்ள மியூகுனெய்ன் என்ற புரதம் சிதைக்கும் நொதியும், கூடவே உள்ள செரோடோனினும் சேர்ந்து செய்யும் வேலை அது. விதை சித்த மருத்துவத்தில் நெடுங்காலமாகப் பயன்படுகிறது. அதில் உள்ள லெவோடோபா நடுக்குவாதத்துக்குக் கொடுக்கும் மருந்தேதான். அத்தனை மதிப்புள்ள செடி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் பள்ளிக்கு வேண்டாம் என்று முதல் நாளே கோடு போட்டோம். சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் அம்மா பட்டியலைக் கேட்டுவிட்டு, “தம்பி, பூனைக்காலிய மட்டும் பள்ளிக்கூடத்துப் பக்கம் கொண்டாந்துடாதீங்க. காய் காஞ்சுதுன்னா காத்துல பறக்கும், பிள்ளைங்க சொறிஞ்சே புண்ணாக்கிடும்” என்றார். அவர் சொன்னது சரி. காய்ந்த காயின் மயிர் உதிர்ந்து காற்றில் பரவும். வேலிக்கு வெளியே வைத்தாலும் ஆபத்து குறையாது.

ஒரே விலங்கு, மூன்று செடி. ஒன்றை நட்டோம், ஒன்றை முளைக்க விட்டோம், ஒன்றை வாசலுக்கு வெளியே நிறுத்தினோம். மற்றவற்றுக்கும் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு போனோம்.

வேலி: ஆடு தொடாதது, ஆடு தின்னாதது

தோட்டம் போடுகிறோம் என்றதும் பெற்றோர் பலரும் கேட்டது, “ஆட்டுக்கு என்ன சார் பண்ணுவீங்க?” என்றுதான். கம்பி வேலிக்குப் பணம் இல்லை. இங்கே பெயரே வழி காட்டியது. ஆடாதோடை என்பது ஆடு தொடாத இலை. தடித்த, ஒருவித வாடை கொண்ட இலையில் வாசிசின் என்ற கசப்புப் பொருள் உண்டு. இருமலுக்குக் கஷாயம் வைக்கும் இலைதான். ஆடும் மாடும் அதில் வாய் வைப்பதில்லை, அதனால்தான் கொல்லை வேலிகளில் அதைக் காலங்காலமாக நடுகிறார்கள். முற்றிய குச்சிகளை ஆடி மாதத்து முதல் மழையில், சுவர் இடிந்த இடம் முழுக்க இரண்டு வரிசையாக, மாற்றி மாற்றி நெருக்கமாக நட்டோம். ஓராண்டில் மார்பளவு புதர். வெள்ளைப் பூவில் ஊதாக் கோடுகளைத் தேடிக் கருவண்டுகள் வருகின்றன. இந்தத் தோட்டத்தில் காசுக்கு மிக அதிகமாக உழைத்த செடி இதுதான்.

ஆடுதின்னாப்பாளையில்தான் நெடுநேரம் யோசிக்க வேண்டி வந்தது. தரையில் படரும் சிறு செடி, சாம்பல் பூத்த வட்ட இலை, கருஞ்சிவப்புக் குழல் போன்ற பூ. ஆடு ஏன் தின்னாது? அதில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் உண்டாக்கும். உலக நல நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தப் பேரினத்துச் செடிகள் கலந்த மூலிகைகளை 2002இலேயே புற்றுநோய் விளைவிப்பவை என்று முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் மெலிய என்று கொடுத்த மூலிகை மாத்திரைகளில் இதன் சீன உறவுச் செடி ஒன்று கலந்து, பல பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. நம் ஊரில் இதைப் பூச்சிக்கும் பூச்சிக்கடிக்கும் மருந்தாகச் சொல்லும் பழக்கம் இன்னும் இருக்கிறது. இதை யாரும் உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது என்பதை இங்கே தெளிவாகவே சொல்லிவிடுகிறேன்.

இவ்வளவு நஞ்சுள்ள செடியை ஏன் யோசிக்க வேண்டும் என்றால், ஆடு தின்னாததை ஒரு புழு தின்கிறது. கிரிம்சன் ரோஸ் என்ற, கருஞ்சிறகில் செம்புள்ளிகளும் செக்கச்சிவந்த உடலும் கொண்ட வண்ணத்துப்பூச்சி இந்தப் பேரினத்துச் செடிகளில் மட்டுமே முட்டையிடும். புழு இலையின் நஞ்சைத் தன் உடலில் சேர்த்துக்கொள்கிறது. வளர்ந்து சிறகு விரித்த பிறகும் அந்த நஞ்சு உடலில் இருப்பதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. இன்னொரு வண்ணத்துப்பூச்சியான காமன் மார்மனின் பெண்களில் ஒரு வகை, நஞ்சு எதுவும் இல்லாமலேயே இந்தச் செம்புள்ளி வேடத்தைப் போட்டுக்கொண்டு பிழைக்கிறது. அது முட்டையிடுவது கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும். சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் ஒரு கறிவேப்பிலை மரம் ஏற்கெனவே நின்றது. இரண்டு செடியும் ஒரே வளாகத்தில் இருந்தால் அசலையும் வேடத்தையும் பிள்ளைகள் ஒரே காலையில் பார்க்க முடியும். அதற்காகவே, ஆடாதோடை வேலிக்கு வெளிப்புறம், பிள்ளைகள் போகாத பக்கத்தில், இரண்டு மூன்று செடி மட்டும் வைத்தோம். ஆசிரியர் உடன் இல்லாமல் யாரும் அங்கே போவதில்லை. இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்க முடியாத பள்ளி என்றால் ஆடுதின்னாப்பாளையை விட்டுவிட வேண்டும் என்பதே என் கருத்து.

ஆட்டுப் பெயரில் மூன்றாவது ஒன்று உண்டு. கொல்லிமலைக்குப் போனவர்கள் முடவாட்டுக்கால் சூப் குடித்திருப்பார்கள். கிழங்கு என்று சொல்லி விற்பது உண்மையில் ஒரு பெரணியின் தண்டு, டிரைனேரியா குவெர்சிஃபோலியா. பழுப்பு மயிர் போர்த்திய அந்தத் தண்டு ஆட்டுக்காலைப் போலவே இருக்கும். மரத்திலும் பாறையிலும் ஒட்டி வளரும். இதற்கு இரண்டு வகை இலை. பச்சையாய் நீண்டு நிற்பது உணவு தயாரிக்க. காய்ந்து பழுப்பாய்த் தண்டோடு ஒட்டிக் கிண்ணம் போல நிற்பது, உதிரும் சருகையும் தூசியையும் பிடித்து உரமாக்கிக்கொள்ள. நர்சரிகளில் முயல்கால் பெரணி என்று விலை வைத்து விற்பதற்கு இது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. நம் வெயிலையும் இது தாங்கும், கோடையில் இலை உதிர்த்து மழையில் மீண்டும் துளிர்க்கும். மலையிலிருந்து தோண்டி எடுத்து வருவதை நான் ஏற்பதில்லை. சூப்புக்காக ஏற்கெனவே நிறைய எடுக்கிறார்கள். ஒரு வீட்டுத் தோட்டத்தில் வளர்ந்திருந்ததிலிருந்து சிறு துண்டு கேட்டு வாங்கி, புங்கமரத்தின் வடக்குப் பக்கம் தேங்காய் நாரோடு சேர்த்துச் சணல் கயிற்றால் கட்டினோம்.

ஆனை என்றால் பெரியது

தமிழில் செடிப் பெயருக்கு முன் ஆனை வந்தால் பெரும்பாலும் அளவைச் சொல்கிறது. நெருஞ்சில், ஆனை நெருஞ்சில். குன்றிமணி, ஆனைக்குன்றிமணி. கற்றாழை, ஆனைக்கற்றாழை. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் ஒரு பெயரிலிருந்து இன்னொரு செடியை அவர்களே ஊகிப்பார்கள். ஆனால் குன்றிமணி விஷயத்தில் கவனம் வேண்டும். ஆனைக்குன்றிமணி பெரிய மரம், முழுச் சிவப்பு விதை. குன்றிமணியோ சிறு கொடி, சிவப்பு விதையில் கருப்புப் பொட்டு, உள்ளே அப்ரின் என்ற கொடிய நஞ்சு. ஓடு உடைந்த ஒன்றிரண்டு விதை உள்ளே போனாலே குழந்தையின் உயிருக்கு ஆபத்து. ஒன்றைச் சேகரிக்கப் பழகிய கை மற்றதையும் எடுக்கும். இரண்டையும் தவிர்த்தோம்.

ஆனை நெருஞ்சிலுக்கு ஒரு தொட்டி ஒதுக்கினோம். காயில் மழுங்கிய முள் உண்டு, ஆனால் தொட்டியில் உயரத்தில் வைத்தால் காலில் குத்தாது. அதன் பசுந்தண்டை இலையோடு ஒரு குவளைத் தண்ணீரில் விட்டுக் கலக்கினால், தண்ணீர் முட்டை வெண்கரு மாதிரி கொழகொழவென்று ஆகிவிடும். தண்டை எடுத்தால் தண்ணீர் இழையாக வழியும். ஐந்தாம் வகுப்புக்கு இதைவிட நல்ல அறிவியல் பாடம் எனக்குத் தெரியவில்லை.

யானை உண்மையிலேயே தொடர்புள்ள செடி ஒன்றும் கிடைத்தது. போர்ட்டுலகேரியா ஆஃப்ரா, தென்னாப்பிரிக்கச் செடி. குட்டி குட்டியான சதைப்பற்று இலை, செந்நிறத் தண்டு. நம் நர்சரிகளில் ஜேட் என்ற பெயரிலேயே விற்கிறார்கள், எலிஃபன்ட் புஷ் என்று சரியாகச் சொல்பவர்களும் உண்டு. அங்கே காட்டில் யானைகள் இதை விரும்பித் தின்கின்றன. மேலிருந்து முறித்துத் தின்னும்போது கீழே விழும் துண்டுகள் வேர் பிடித்துப் புதிய செடியாகின்றன. வெயில், வறட்சி, மறந்துபோன தண்ணீர் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும். நஞ்சும் இல்லை. ஆடு தொடாத செடியையும் யானை தேடித் தின்னும் செடியையும் ஒரே தோட்டத்தில் காட்ட முடிந்ததில் எனக்கு நிறைவு.

அலங்கார யானைக்காதை மட்டும் மறுத்தோம். சேம்பின் உறவான அலோகேசியாவின் இலையிலும் தண்டிலும் ஊசி ஊசியான கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். கடித்தால் நாக்கும் தொண்டையும் எரிந்து வீங்கும். கைகழுவும் குழாயடி ஈரத்துக்கு அது மிகப் பொருத்தம்தான், ஆனால் அந்த இடத்தில்தான் முதல் வகுப்புப் பிள்ளைகள் எப்போதும் நிற்கிறார்கள்.

வகுப்பறைக்குள்

உள்ளே வைக்கும் செடிகளில் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில வழியாக வந்தவை. இங்கே சிக்கல் வேறு மாதிரி. ஒரே விலங்கின் பெயரில் நான்கு செடிகள் இருக்கும், நான்குக்கும் நான்கு விதமான தேவை. வரிக்குதிரைச் செடி என்று கேட்டால் அஃபெலாண்ட்ராவைக் கொடுக்கலாம், பிரேசில் காட்டு ஈரம் கேட்பது, நம் தாழ்வாரத்தில் ஒரு கோடையைத் தாண்டாது. கலாத்தியாவில் ஒரு வகையைக் கொடுக்கலாம், அதற்கும் ஈரக்காற்று வேண்டும். டிராடெஸ்கான்ஷியா கொடுக்கலாம், எளிதில் வளரும், சாறு சிலருக்குத் தோலில் அரிப்பு தரும். ஹாவர்த்தியாவைக் கொடுக்கலாம், கற்றாழையின் குட்டித் தம்பி மாதிரி இருப்பது, கரும்பச்சை இலையில் வெள்ளை மேடுகள் வரிவரியாக இருக்கும். எங்களுக்கு ஹாவர்த்தியா பொருந்தியது. ஆகவே வாங்கப் போகும்போது தாவரவியல் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போவது நல்லது. விலங்கின் பெயரை மட்டும் நம்பிக் காசு கொடுக்க வேண்டாம்.

மயில் கலாத்தியாவைத் தலைமையாசிரியை மிகவும் விரும்பினார். இலையில் மயில்தோகைக் கண் போலவே வரைந்திருக்கும். இந்த உப்புத் தண்ணீரில் இலை ஓரம் கருகும் என்று சொல்லி, அந்த ஆசையை வெளியே மயில்மாணிக்கக் கொடிக்கு மாற்றினோம். நூல் நூலாகப் பிளந்த இலை, ரத்தச் சிவப்பில் நட்சத்திரப் பூ, தேடி வரும் தேன்சிட்டு. விதை போட்டால் போதும்.

சிலந்திச் செடி, அதாவது குளோரோஃபைட்டம், இந்தப் பள்ளிக்கென்றே வந்தது போல அமைந்தது. நஞ்சு இல்லை. தடித்த வேரில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்வதால் நீண்ட விடுமுறையைத் தாங்கும். நீண்ட காம்புகளின் நுனியில் குட்டிச் செடிகள் தொங்கும், அவற்றை வெட்டி ஊன்றினால் அடுத்த செடி. ஒரு தாய்த்தொட்டியிலிருந்து ஒரு வகுப்புக்கே கன்று கொடுக்கலாம். இலை நுனி பழுப்பாகும். தண்ணீரில் உள்ள உப்பும் ஃபுளூரைடும் காரணம். மாடியிலிருந்து வரும் மழைநீரை ஒரு டிரம்மில் பிடித்து இதற்கு மட்டும் ஒதுக்கியபின் குறைந்தது.

பாம்புச் செடிக்குத்தான் எதிர்ப்பு வந்தது. ஸ்நேக் பிளான்ட் வைத்தால் பாம்பு வரும் என்று சில பெற்றோர் பயந்தார்கள். விற்றவரோ அதை வைத்தால் பாம்பே வராது என்றார். இரண்டுமே உண்மையில்லை. இலையில் உள்ள குறுக்குப் பட்டைகளைப் பார்த்து வைத்த பெயர் அது, பாம்புக்கும் செடிக்கும் வேறு தொடர்பு இல்லை. எலியும் தவளையும் ஒளிந்துகொள்ள இருட்டும் இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். கொள்ளிடக் கரை ஊரில் இதைச் சும்மா விட முடியாது. அதனால் தொட்டிகளையெல்லாம் தரையில் வைக்காமல் இரும்பு ஸ்டாண்டில் ஏற்றினோம். சுவருக்கும் செடிக்கும் நடுவே கால் வைத்து நடக்கும் அளவு இடம் விட்டோம். முற்றத்து மூலையில் கிடந்த உடைந்த செங்கல் குவியலையும் பழைய ஓடுகளையும் அகற்றினோம். மதிய உணவு சிந்துவதைச் சமையல் அம்மா உடனே கூட்டிவிடுகிறார். பாம்பைத் தடுப்பது இவைதான்.

இந்தச் செடி அறைக் காற்றைச் சுத்தம் செய்யும் என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பதும் வழக்கமாகிவிட்டது. நாசா 1989இல் செய்த சோதனை, காற்றுப் புகாமல் மூடிய சிறு பெட்டிகளுக்குள் நடந்தது. சன்னல் திறந்த வகுப்பறை அப்படிப்பட்டதல்ல. 2019இல் வெளிவந்த ஒரு மறு ஆய்வு, சாதாரணக் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள் தேவைப்படும் என்று கணக்கிட்டது. எனவே அந்தக் காரணத்துக்காக வாங்க வேண்டாம். குறைந்த வெளிச்சத்தில் வளரும், உடையாது, பிள்ளைகள் இடித்தாலும் தாங்கும், இவை போதும். இலையில் சாப்போனின் இருப்பதால் மென்றால் வயிறு புரட்டும், ஆகவே எட்டாத உயரத்தில் வைத்தோம். இதன் நம்மூர் உறவு மருள். அதன் நாரைத் திரித்து வில்லுக்கு நாண் செய்திருக்கிறார்கள். ஒரு மருள் கன்றையும் பக்கத்தில் வைத்தது, வெளிநாட்டுச் செடிக்கு உள்ளூரில் சொந்தம் உண்டு என்று காட்டத்தான்.

வீட்டு வாசலில் வளர்க்க விலங்குப் பெயரில் நம்மிடம் ஏற்கெனவே ஒரு செடி உண்டு என்பதையும் பிள்ளைகளே நினைவூட்டினார்கள். ஆகாச கருடன். பல வீடுகளில் நிலைக்கு மேலே கயிற்றில் கட்டித் தொங்கும் கிழங்கு. கண்ணேறு கழியும், பாம்பு அண்டாது என்பது நம்பிக்கை. மண்ணும் தண்ணீரும் இல்லாமலேயே அது துளிர்விடுவது, கிழங்குக்குள் சேர்த்து வைத்த ஈரத்தாலும் மாவுப்பொருளாலும்தான். வெள்ளரிக் குடும்பத்தைச் சேர்ந்த கொடி. தலைமையாசிரியை அறையின் நிலையில் ஒன்று தொங்குகிறது.

விட்டவையும் விட்டுவைத்தவையும்

நாகலிங்க மரக்கன்று ஒன்றை ஒரு பெற்றோர் கொடுக்க முன்வந்தார். பூவின் அழகுக்கு ஈடு இல்லை. ஆனால் அடிமரத்திலேயே காய்க்கும் பீரங்கிக் குண்டு போன்ற காய் தலையில் விழுந்தால் விபரீதம். விளையாடும் இடத்தில் அந்த மரம் ஆகாது, ஊர்க் கோயில் நந்தவனத்துக்குப் போனது. மீன்வால் பனையின் பழம் ஆக்சலேட் ஊசிகளால் கையை அரிக்கும். புலிநகம் மெக்சிகோவிலிருந்து வந்து பரவிய களை, காயில் இரண்டு கூரிய கொக்கி. இரண்டும் வேண்டாம்.

மயில்கொன்றை வாசல் அருகே ஒன்று இருக்கிறது. பெருமரமாக வளரும் செம்மயிற்கொன்றையையும் சிலர் இதே பெயரில் சொல்வதால், குறுஞ்செடிதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினோம். இதன் விதையை வாயில் போடக்கூடாது. இயற்கை ஓவியர் மரியா சிபில்லா மேரியன் 1705இல் வெளியிட்ட, தென்னமெரிக்காவின் சுரினாம் நாட்டுப் பூச்சிகள் பற்றிய நூலில், மயிற்பூ என்றே பொருள்படும் லத்தீன் பெயரில் இச்செடியை வரைந்து, தம் பிள்ளைகளும் அடிமைகளாகக் கூடாது என்று அங்கிருந்த அடிமைப் பெண்கள் கருக்கலைக்க இதன் விதையைத் தின்றார்கள் என்று பதிவு செய்திருக்கிறார். படிக்கும்போது நெஞ்சு கனக்கும் செய்தி. காய் முற்றி வெடிக்கும் முன்பே பறித்துவிடுவது என்று முடிவு செய்தோம்.

கோழிக்கொண்டைக்கு ஒரு முழுப் பாத்தி. வளர்முனை ஒரு புள்ளியாக இல்லாமல் அகன்று பட்டையாக வளர்வதால்தான் அந்தக் கொண்டை உருவாகிறது. கீரையாகச் சமைக்கும் பண்ணைக்கீரையும் இதே இனம்தான். குதிரைவாலிக்கு இன்னொரு பாத்தி. நாயுருவியை வேலி ஓரத்தில் பிடுங்காமல் விட்டோம், சட்டையில் ஒட்டிக்கொண்டு விதை எப்படிப் பயணம் போகிறது என்பதற்கு. மழையில் தானே முளைத்த புலிச்சுவடிக் கொடிக்கும் இடம் உண்டு. புலியின் பாதம் போல விரல் விரலாகப் பிரிந்த இலை. அதன் லத்தீன் பெயரும் புலியின் கால் என்றே சொல்கிறது. இரண்டு மொழிப் பெயரும் ஒரே இலையில் ஒரே விலங்கைக் காட்டுகின்றன.

ஒவ்வொரு செடிக்கும் பெயர்ப்பலகை வைத்தோம். மேலே தமிழ்ப் பெயர், நடுவில் விலங்கு ஏன் வந்தது என்று ஒரு வரி, கீழே தாவரவியல் பெயர். தொடக்கூடாதவற்றுக்குச் சிவப்புப் பட்டை. நடுவில் உள்ள அந்த ஒரு வரியை ஆசிரியர்கள் எழுதவில்லை, பிள்ளைகள் செடியைப் பார்த்துச் சொன்னதையே எழுதினார்கள்.

ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போனபின்

ஆடாதோடை வேலி மூடிக்கொண்டது. ஆடுகள் உள்ளே வருவது நின்றது, வாசற்கதவைத் திறந்து போட்ட நாட்கள் தவிர. பூனைமீசை கோடையில் வாடினாலும் வெட்டிவிட்டபின் அடியிலிருந்து துளிர்த்தது. பெரணி எல்லா இலையையும் உதிர்த்துவிட்டுச் செத்தது போல நின்று, முதல் மழையில் மூன்று புதிய சுருள் விட்டது. வகுப்பறைச் செடிகளில் இழப்பு ஹாவர்த்தியாவிலும் பாம்புச் செடியிலும்தான். பிள்ளைகள் ஆசை ஆசையாகத் தினமும் தண்ணீர் ஊற்றியதில் வேர் அழுகியது. இப்போது தண்ணீர் ஊற்றும் பொறுப்பைக் கோழிக்கொண்டைப் பாத்திக்கும் சிலந்திச் செடிக்கும் மாற்றியிருக்கிறார்கள். உள்ளே உள்ள மற்றவற்றுக்கு மண்ணில் விரல் விட்டுப் பார்த்து, அடிவரை காய்ந்திருந்தால் மட்டும்.

மயில்மாணிக்கம் தேவைக்கு மேல் பரவிவிட்டது. உதிர்ந்த விதையெல்லாம் முளைத்து ஆடாதோடை மேல் ஏறுகிறது. பிஞ்சிலேயே பிடுங்கி, கம்பிப் பந்தலில் மட்டும் விடுகிறார்கள். கிரிம்சன் ரோஸ் வந்தது, முட்டையும் இட்டது. ஆனால் வைத்த செடிகள் சின்னவை, புழுக்கள் இலை முழுவதையும் தின்று தீர்த்துவிட்டு இரையில்லாமல் அலைந்தன. அதே பேரினத்தில் கொடியாக ஏறி நிறைய இலை தரும் கருடக்கொடியை அதே வெளிப்பக்கத்தில் இந்த ஆண்டு சேர்க்கிறோம். அதிலும் அதே நஞ்சு என்பதால் அதே சிவப்புப் பட்டை, அதே ஒழுங்கு.

அடுத்ததாகத் தலைமையாசிரியை கேட்டிருப்பது, உட்கார்ந்து பாடம் நடத்த நிழல் தரும் மரம். விதி மாறவில்லை. கிளிமூக்கு மாங்கன்று என்று முடிவாகி, கிழக்குப் பக்கம் மூன்றடிக் குழி எடுத்து, எருவும் செம்மண்ணும் கலந்து ஆறப் போட்டிருக்கிறோம். ஐப்பசி மழைக்கு முன் நடவு.